சான் ஹோசேயில் பூ கேட்டோம்

அந்தக் கோடையில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம். சான் ஹோசேயில் பொங்கிய பால் அடங்குவதுபோல வேலைகள் அடங்கிக்கொண்டிருந்தன. முந்தின வருஷம் வரிசையில் நின்று கெஞ்சினாலும் கிடைக்காத வீடுகளின் வாசலில் 'முதல் மாதம் வாடகை இல்லை' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வசந்தத்தில் மின்வெட்டுகூட வந்தது. சிலிக்கன் பள்ளத்தாக்கில் கரண்ட் போய்விட்டது என்று கோயம்புத்தூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். என் தங்கை சிரித்த சிரிப்பு போன் கார்டின் நிமிஷங்களையெல்லாம் தின்றுவிட்டது.

சனிக்கிழமைதோறும் எங்கள் அபார்ட்மெண்ட் வளாகத்தில் யாராவது ஒருவர் கார் நிறுத்தும் இடத்தில் பெட்ஷீட் விரித்து வீட்டுச் சாமான்களை விற்றார்கள். இட்லிப் பானை, சோபா, குழந்தையின் தொட்டில், பாதி எரிந்த மெழுகுவத்தி. விற்பவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்களைப் போல. நான் சாமான் பக்கம் பார்க்கவே மாட்டேன். "எந்த ஊருக்குப் போறீங்க? எந்த வழியா? பாலைவனத்த எத்தன மணிக்குத் தாண்டுவீங்க?" என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒரு பெண், "உங்களுக்கும் வேல போயிடுச்சா, இல்ல சும்மா கேக்கறீங்களா?" என்றே கேட்டுவிட்டாள்.

போனது என் வேலை அல்ல, என் கணவருடையது. அவருடைய கம்பெனி மார்ச்சில் மூடியது. கடைசி நாளன்று ஆளுக்கு ஒரு நாற்காலி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்களாம். கைக்கு ஒரு விசை, தலைக்கு ஒரு விசை, இடுப்புக்கு ஒரு விசை என்று இருக்கிற நாற்காலி. அதைக் காரின் பின்சீட்டில் நோயாளியைச் சாய்ப்பதுபோலச் சாய்த்துக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டார். அதில் உட்கார்ந்தவர் ஜூலை வரை எழுந்திருக்கவில்லை என்று நான் சொன்னால் அதில் பொய் கொஞ்சம்தான் இருக்கும். அங்கிருந்தபடியே விண்ணப்பம் போட்டார், அங்கிருந்தபடியே போனில் இன்டர்வியூ கொடுத்தார். ஐந்து இடங்களில் பதிலே இல்லை. ஆறாவதாக ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு, வா என்றது. செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் நேரம் மாலை ஐந்துக்குள், எங்கள் நேரம் மூன்றுக்குள், பதில் சொல்ல வேண்டும்.

கிரீன் கார்டு வந்துவிட்டதால் நாட்டை விட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஊரை விடுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. இதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல யாராலும் முடியாது. டேகேரில் நான் பார்த்த அரை நாள் வேலை மூன்று பேரைத் தாங்காது.

நான் ஊர் மாறுவதில் ருசி கண்டவள். கோவையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரையில் எடிசன், எடிசனிலிருந்து சான் ஹோசே. ஒவ்வொரு முறையும் புது வீட்டில் முதல் காலை, எந்தச் சுவரில் எந்த ஸ்விட்ச் என்று தெரியாமல் கை தடவுகிற அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதற்காக எத்தனை அட்டைப்பெட்டி வேண்டுமானாலும் கட்டுவேன். கடிதம் வந்த அன்றே சாலை வரைபடப் புத்தகத்தைப் பிரித்துவிட்டேன். மற்ற மாநிலங்களெல்லாம் அடக்கமாக ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டெக்சாஸ் மட்டும் பக்கம் பக்கமாகக் காலை நீட்டிப் படுத்திருந்தது. பத்தாம் நம்பர் ஃப்ரீவேயில் விரலை வைத்தேன். டூசான், எல் பாசோ, அப்புறம் ஊர்ப் பெயரே இல்லாத வெள்ளைத் தாள், மஞ்சள் வெயில், நடுவில் நாங்கள். அடுப்பில் சாம்பார் தீய்ந்தது. தீயட்டும்.

அவருக்குப் போக விருப்பமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லோணும்."

"சொல்லலாம்."

"என்னன்னு சொல்லப் போறீங்க?"

"ரோசிச்சுட்டு இருக்கறேன்ல."

"நாலு மாசமா அந்த நாற்காலிதான் ரோசிக்குது. நீங்க சும்மா அது மேல உக்காந்திருக்கறீங்க."

"ஹூஸ்டன்ல வேர்த்து ஊத்தும் புள்ள. போன மாசம் வெள்ளம் வேற வந்துச்சு. டீவில பாத்தல்ல?"

"இங்க பூமியே ஆடுது. அதுக்குத் தண்ணி பரவால்லீங்க."

"பாப்பாவுக்கு இந்த ஸ்கூல் மாதிரி கெடைக்குமா?"

"அங்க இருக்கற பாப்பாவெல்லாம் மாடா மேய்க்குது?"

இப்படியே புதன் போனது. வியாழக்கிழமை காலை நங்கையா போன் செய்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். இவர் என் கணவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. எங்கள் குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையதுதான். ரிசீவரைக் காதில் வைக்காமலே அவர் பேசுவதைக் கேட்கலாம்.

"ஏம்மா, ரெண்டு பேரும் படிச்சவிய. ஒரு முடிவெடுக்க இத்தன நாளா?"

"உங்க தம்பி ரோசிக்கறாருங்க நங்கையா."

"அவன் ரோசிச்சு எந்தக் காலத்துல முடிச்சிருக்கறான்? பூ கேளுங்க."

"இங்க எங்கீங்க கோயிலு, பூசாரி?"

"சாமி படம் இருக்குதா? பூ இருக்குதா? பொறவென்ன? நாளைக்கு வெள்ளிக்கிழமை, நல்ல நாளு. உங்க ஊரு காலைல எட்டு மணிக்குக் கூப்புடுவேன்."

கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் பூ கேட்பதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிணறு வெட்டுவதோ, பெண் எடுப்பதோ, எதுவானாலும் குலதெய்வத்திடம் ஒரு வார்த்தை கேட்போம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே அளவுக் காகிதத்தில் மடித்துச் சாமிமுன் வைத்து, ஒன்றும் அறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். ஒருமுறை கேட்டால் கேட்டதுதான். மறுபடி கேட்பது சாமியைச் சந்தேகப்படுவது.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாற்காலி கிறீச்சென்றது. அவர் எழுந்து நின்றிருந்தார்.

"அரளி வேணும்" என்றார். "வெள்ளரளி ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு."

"அமெரிக்காவுல அரளிக்கு எங்க போறது?"

"அட, ஃப்ரீவே பூராம் அதுதானே நிக்குது!"

ஆமாம். ஐந்து வருஷமாக அறுபத்தைந்து மைல் வேகத்தில் அதைக் கடந்து போயிருக்கிறேன். ஓரத்திலும் நடுவிலும் ஆள் உயரத்துக்கு நின்ற புதர்கள் அரளி என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காரில் போகிறவளுக்குச் செடி ஏது, பச்சைக் கோடுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குளித்துவிட்டு மூவரும் வளாகத்தின் பின்வேலிக்குப் போனோம். அதற்கு அப்பால் ஃப்ரீவே இரைந்தது. வேலி முழுக்க அரளி, கொத்துக் கொத்தாக, கோயில் நந்தவனத்தில்கூட அப்படிப் பார்த்ததில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டிக் கிளையை வளைத்தபோது, நாயைக் கூட்டிக்கொண்டு வந்த வயதான அமெரிக்கப் பெண்மணி ஒருத்தி நின்றுவிட்டாள்.

"அது விஷம், தெரியுமா?" என்றாள் ஆங்கிலத்தில்.

"சாப்பிட இல்லை மேடம்" என்றார் இவர், மிகவும் பணிவாக. "அதனிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும்."

நாய்கூட எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

செய்தித்தாளின் வேலைவாய்ப்புப் பகுதியைக் கிழித்து இரண்டு சதுரங்கள் வெட்டினேன். ஒரு காலத்தில் தலையணை கனத்தில் வந்த பகுதி அது. அப்போது இரண்டே தாளாக இளைத்திருந்தது. பூக்களை மடித்து, எது எதுவென்று எனக்கே தெரியாதபடி குலுக்கி, மைக்ரோவேவுக்கு மேல் தட்டில் இருந்த சாமி படத்தின் முன் வைத்தேன். கற்பூரம் கிடையாது, புகை மணி அலறும். ஊதுபத்தியும் பாதியில் அணைத்துவிட்டோம். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. ஒன்றும் அறியாத குழந்தை என்று சொல்ல முடியாது.

"திஸ் இஸ் ஜஸ்ட் ஃபிஃப்டி ஃபிஃப்டி, அம்மா."

"கம்முனு கண்ண மூடிட்டு ஒண்ண எடு."

"ஒய் மீ?"

"நீதான் சின்னவ."

அவள் கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ எண்ணி, இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். நான் அப்படியொன்றும் சாமி கும்பிடுகிறவள் இல்லை. அந்த நொடியில் மட்டும் எல்லாத் தெய்வங்களின் பெயரும் தெரிந்திருந்தது. காகிதம் பிரிந்தது.

சிவப்பு.

எல் பாசோ அணைந்தது, டூசான் அணைந்தது. சரி, அவருக்காவது நிம்மதி என்று திரும்பிப் பார்த்தேன். மனுஷன் முகம், ரிசல்ட்டில் நம்பர் இல்லாத பையனைப் போலத் தொங்கிப் போயிருந்தது.

"இன்னொருக்கா கேக்கலாமா?" என்றார்.

"பெஸ்ட் ஆஃப் த்ரீ?" என்றாள் மகள், உற்சாகமாக. அவர் நிஜமாகவே ஒரு கணம் யோசித்தார்.

"ஏனுங்க, உங்களுக்குத்தான் போக வேண்டாமே?"

"வேண்டாம்னு யாரு சொன்னா?"

"வேர்க்கும்னீங்க, வெள்ளம்னீங்க..."

"வேர்க்கும்னு சொன்னேன். வேண்டாம்னா சொன்னேன்?" ரிசீவரைப் போல அந்தப் பூவைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். "சரின்னு நான் சொல்லி, அங்கயும் மூடிட்டான்னா? உங்க ரெண்டு பேரையும் அங்க இழுத்துட்டுப் போயி நிறுத்துனவன் நானாயிருவேன். சாமி சொல்லுச்சுன்னா சாமி மேல பாரத்தப் போட்டுப் போயிரலாம்னு பாத்தேன். அது இப்படிக் காலை வாரும்னு கண்டனா?"

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நான்கு நாட்களாக ஒரே ஆசையை ஆளுக்கொரு அறையில் பூட்டிவைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். அவருடைய மௌனத்தைச் சோம்பல் என்று எண்ணி நான் குத்திய குத்தெல்லாம் நினைவுக்கு வந்து கொஞ்சம் சுட்டது. ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். மணி எட்டு. போன் அடித்தது.

அவர் எடுத்தார். அடுக்களை முழுக்க நங்கையாவின் குரல்.

"என்ன பூ வந்துச்சு?"

அக்காவிடம் பொய் பேசி அறியாத மனிதர் அவர். பத்தாம் வகுப்பில் காப்பி அடித்ததைக்கூடத் தானாகவே போய்ச் சொல்லி அடி வாங்கியவர். செவ்வரளி கையில் இருக்க, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வெள்ளைங்க்கா."

"வெள்ளையா? நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தனுங்க்கா."

"அப்ப என்ன ரோசனை? கெளம்பு சாமி. நான் கோயிலுக்குப் பொங்கல் வெச்சுடறேன்."

பொங்கல் என்றதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

"அப்பா, யூ லைட் டு அத்தை!" மகளுக்குத் தமிழில் பதில் சொல்ல வராதே தவிர, நமக்கு வேண்டாததெல்லாம் தெளிவாகப் புரியும்.

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன் கண்ணு. அத்தைகிட்ட யாரு பேசறது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார், மார்ச்சுக்குப் பிறகு முதல் முறையாகப் பல் தெரிய. அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது: அரளியைக் கேட்டோம், அக்காவைக் கேட்டோம், கூட வரப்போகிறவளைக் கேட்கவில்லை. அவர் அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"நீ சொல்லு. ஹூஸ்டன் போலாமா? உன் ஃப்ரெண்ட்ஸெல்லாம் இங்கயே இருப்பாங்க. அங்க ரொம்பச் சூடு. அப்பாவுக்கு அங்க வேலை இருக்குது."

அவள் வேலைக்கு ஆள் எடுக்கிறவளைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். அழுவாளோ என்று பயந்தேன்.

"வில் தேர் பி எ ஸ்விம்மிங் பூல்?"

"தெரியலயே."

"ஃபைண்ட் அவுட்" என்றாள்.

ஹூஸ்டனில் அப்போது பத்தரை மணி. அவர் நின்றுகொண்டே நம்பரை அழுத்தினார். எடுத்தவரிடம் பெயரைச் சொன்னார். வருகிறேன் என்பதை அவ்வளவு வேகமாக அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எதிர்முனைக்காரர் காலை வணக்கத்தை முடித்தாரா என்பதே சந்தேகம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி இருக்கிறது, கேட்கலாமா என்றார். சம்பளத்தைப் பற்றியோ விடுமுறையைப் பற்றியோ கேட்கப் போகிறார் என்று அந்த மனிதர் நினைத்திருப்பார். அங்கே அபார்ட்மெண்டுகளில் நீச்சல் குளம் இருக்குமா என்று இவர் கேட்டார்.

அந்தப் பக்கத்துச் சிரிப்பு அடுக்களை முழுக்கக் கேட்டது. நீச்சல் குளம் இல்லாமல் ஹூஸ்டனில் ஜூலை மாதத்தில் ஒருத்தன் உயிரோடு இருக்க முடியுமா என்றாராம். மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாட் டிட் ஹி சே, வாட் டிட் ஹி சே" என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

எப்போது வந்து சேரமுடியும் என்று அந்தக் குரல் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். வீட்டைக் காலி செய்ய வேண்டும், லாரி பிடிக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும், என்னதான் பறக்கிறவள் என்றாலும் எனக்கும் கணக்குத் தெரியும். இரண்டு விரலைக் காட்டினேன், இரண்டு வாரம் என்று.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனில் சொன்னார்: "ஒரு வாரத்தில்."