மேல் கொல்லைக்கு ஒரு ரேட்டு, கீழ் கொல்லைக்கு ஒரு ரேட்டு

கரியாலூரிலிருந்து அருவிக்குப் போகிற வழியில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு கொல்லைகள். அருவிப் பாதையை ஒட்டிய மேல் கொல்லை என்னுடையது. ரோட்டு வளைவுக்குக் கீழே, அருவிக்குக் கொஞ்சம் தள்ளி இருப்பது என் கொழுந்தனார் மனைவியுடையது. மரவள்ளி பிடுங்கியதும் இரண்டையும் சமன்படுத்தி, சுற்றுலா வருகிறவர்கள் வண்டி நிறுத்த விட்டோம். இரண்டிலும் காருக்கு முப்பது ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் என் கொல்லைக்கே வந்தார்கள். இடம் நிரம்பிய பிறகும், யாராவது கிளம்பட்டும் என்று ரோட்டிலேயே காத்துக் கிடந்தார்கள். கீழே ஆடுதான் மேய்ந்தது. நான்தான் வண்டிகளை மடக்குகிறேன் என்று நினைத்து அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் கச்சிராயபாளையத்திலிருந்து வந்த பஸ் அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் இறங்கி வெயிலில் நடந்து போனாள். பார்க்கச் சகிக்கவில்லை. அன்று சாயங்காலமே கொழுந்தனார் வீட்டுக்குப் போனேன். என்னுடையதை ஐம்பதாக்குகிறேன், நீ இருபதாக்கு என்றேன்.

“என் எடம் அவ்ளோ எளப்பமா பூட்ச்சாக்கா?” என்றாள்.

“எளப்பம் இல்ல. ரேட்டு ஒண்ணா இருந்தா எவன் நடப்பான்? தெம்பு இருக்கறவன் ஒன்கிட்ட வரட்டும். முடியாதவங்க மேல வருவாங்க.”

அரை மனதாக ஒத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு முதலில் வந்த கார்க்காரர், இரண்டும் ஒரே மண்தானே என்று சண்டைக்கு வந்தார். கீழே இருபதுதான், காலாற நடந்தால் அருவி வந்துவிடும் என்றேன். வண்டியைத் திருப்பினார். பின்னால் வந்தவர்களும் திருப்பினார்கள். மத்தியானத்துக்குள் என் கொல்லை பாதி காலி.

பழையபடி முப்பதுக்கே விட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் அசரவில்லை. முப்பது என்றால் மறுபடி ரோடு அடைக்கும். ஐம்பது கொஞ்சம் ஓவர், அவ்வளவுதான். பலகையில் அழித்து நாற்பது என்று எழுதினேன். கொல்லை மெல்ல நிரம்பியது, ஆனால் ஓரிரண்டு இடம் எப்போதும் மிச்சமிருந்தது. நடக்க முடியாத அப்பாவைக் கூட்டிவந்த ஒருவரைப் பாதை ஓரமாகவே நிறுத்தச் சொன்னேன். கூட்டமில்லாத வார நாட்களில் இரண்டு கொல்லைக்கும் இருபதே போதும் என்று விட்டோம்.

பொங்கல் லீவில் கீழே எட்டிப் பார்த்தால், அவள் பலகையில் முப்பது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய் விசாரித்தேன்.

“காலையிலயே ரொம்பிக்கினு வந்துச்சி, ஏத்திட்டேன். நீயும் ஏத்துக்கா,” என்றாள்.

நானும் ஐம்பதாக ஏற்றினேன்.