ஜெபதாஸ் துடைத்த நீலத் தண்ணீர்

இராஜாக்கமங்கலத்துச் சபையில் ஜெபதாஸுக்குக் கோயில்குட்டி வேலை. இருபத்திரண்டு வருஷமாக மணி அடிக்கிறார், பெஞ்சு துடைக்கிறார், காணிக்கைத் தட்டு எடுக்கிறார். மனைவி பூங்கனி இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபிறகு, ஞாயிறு ஆராதனையைப் போனில்தான் பார்த்தாள். துபாய்க்காரர் ஒருவர் கோயிலுக்கு வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் வழியாக அது அவள் கட்டில்வரைக்கும் வந்தது.

ஒரு சனிக்கிழமை அந்தக் கம்ப்யூட்டரின் அடியில் நீலத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. உள்ளே சூட்டை ஆற்றுகிற கூலரின் குழாய் கீறியிருந்தது அவருக்குத் தெரியாது. விடிந்தால் ஆராதனை. மூடியைக் கழற்றி, திருவிருந்து மேசை துடைக்கிற மெத்துத் துணியால் உள்ளேயெல்லாம் ஒற்றியெடுத்தார். வாசல் வெயிலில் காயவைத்தார். துணியையும் சோப்புப் போட்டு அலசிவிட்டார்.

மறுநாள் ஒளிபரப்பை நடத்துகிற ரெனிஷ் சுவிட்சைப் போட்டான். கருகின வாடைதான் வந்தது.

"கூலர் தண்ணி போர்டுலயும் கார்டுலயும் எறங்கீட்டு," என்றார் நாகர்கோவில் கடைக்காரர். கூலர் ஒழுகி மற்ற சாமான் கெட்டால் அதற்கும் கம்பெனியே பொறுப்பு என்று வாரண்டிக் காகிதத்தில் இருந்தது. ஆனால் கம்பெனிக்காரர் பார்க்கும்வரை ஒழுகினது ஒழுகினபடியே இருக்க வேண்டும்.

ரெனிஷ் தலையில் கைவைத்தான். "மாமா, ஒம்ம துணிக்குத் தப்பின சாமான் இந்தக் கோயில்ல உண்டா? போதகருக்க கண்ணாடிய விட்டு வச்சிருக்கீரே, அதுவே பெருசு."

"ஈரமாட்டு கெடந்துது மக்கா."

"சரி, யாரும் கை வைக்கல்லன்னு கம்பெனிக்கு எழுதியிருக்கேன். மொதல்ல பாத்தது நீருதானே, கையெழுத்துப் போடும். அத்தைக்கு ஆராதனை பாக்கண்டாமா?"

ஜெபதாஸ் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"தொடச்சேன்னு எழுது. வெயில்ல வச்சதையும் எழுது."

"எழுதுனா கெடைக்காது மாமா."

"எழுது."

மூன்றாம் வாரம் பதில் வந்தது. கூலர் கெட்டது உண்மை, புதுசு அனுப்பியிருக்கிறோம். மற்றவற்றைத் துடைத்துக் காயவைத்துவிட்டதால் அவற்றுக்குப் பொறுப்பேற்க முடியாது.

கூலர் புத்தம்புதிதாக இருந்தது. பூட்டுவதற்குத்தான் கம்ப்யூட்டர் இல்லை. பாட்டுப் புத்தக அலமாரியில் வைத்தார். சனிக்கிழமை பெஞ்சுகளோடு அந்த அட்டைப்பெட்டியையும் துடைத்தார்.

ஞாயிறு அவர் வீட்டுக்கு வந்ததும் பூங்கனி கேட்டாள். "மாத்தி எழுதியிருந்தா கெடச்சிருக்குமாமே? ரெனிஷ் சொன்னான்."

"ஆமா."

அவள் தலையணைக்கடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

"இன்னைக்கு எந்தப் பாட்டு?"

பாட்டின் நம்பரைச் சொல்லிவிட்டு, அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.