ஏழு படிப் பட்டியல்

என் தம்பி மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, அலுவலகத்தில் வைத்த பெயர் முரண்டு. நிலைத்தது இரண்டாவதுதான். பிறந்தவுடன் அவளை அழவைக்கப் பார்த்த மருத்துவரை ஒரு முறை முறைத்துவிட்டு, தனக்குத் தோன்றியபோதுதான் அழுதாள். அவள் அம்மா இதை மறுப்பாள். அந்த நேரத்தில் அவள் அம்மா மயக்கத்தில் இருந்ததால் அந்தச் சாட்சி செல்லாது.

பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். ஆறு மேஜை, ஒரு ஏசி. ஏசியின் காற்று முதலாளி அறைக்குள் போகும், தண்ணீர் வெளியே இருப்பவர்கள் தலையில் சொட்டும். நிறுவனங்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பது தொழில். முரண்டு சேர்ந்து ஐந்து மாதமாகியிருந்தது. ஆறாவது மாதம் முதலாளி கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்தத் தாளை அவர் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்தார்.

அப்போது ஒரு பெரிய மருத்துவமனையின் வேலை அவள் கைக்கு வந்தது. யாருக்குக் கீழே யார், அவர்கள் தொலைபேசி எண் என்ன என்று ஊழியர்கள் பார்த்துக்கொள்ள ஒரு பக்கம். மருத்துவமனை தந்த அட்டவணையில் வரிக்கு ஒருவர்: அவருடைய எண், பெயர், அவருடைய மேலதிகாரியின் எண். அவ்வளவுதான். சர்வரில் ஓடும் நிரல் அதைப் படித்து, பட்டியலுக்குள் பட்டியலாக, இணையப் பக்கத்துக்கான எச்.டி.எம்.எல். மொழியில் எழுதி அனுப்ப வேண்டும்.

நிரல் எழுதுபவர்களில் மூத்தவர் இதற்கென்று சில மாதங்களுக்கு முன்பே ஒன்று எழுதியிருந்தார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்குள் லூப் வைத்து, அதற்குள் இன்னொன்றும் வைத்து, நூற்று எண்பது வரி. அதனால் அவருக்கு லூப் அண்ணன் என்று பெயர். அது மூன்று படி இறங்கும், அதற்கு மேல் மூச்சு வாங்கி நின்றுவிடும். நான்காவது படியில் இருப்பவர்கள் பக்கத்திலேயே வரமாட்டார்கள். மூன்று போதும் என்றார் முதலாளி. முரண்டு எண்ணிப் பார்த்தாள். அட்டவணையில் ஏழு படி இருந்தது. வார்டு நர்ஸ்கள் நான்கில், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள் ஐந்தில், லிஃப்ட்காரர் ஆறில், சலவை அறை ஏழில்.

“போன் அடிச்சா எடுக்கறவங்க எல்லாம் நாலுக்குக் கீழதான் சார் இருக்காங்க. மேல் மூணு படியில யாரு எடுக்கறா?”

முதலாளி கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்து புதிதாக ஒன்றை எழுதினாள். ஒருவரை எடுத்துக்கொள், பெயரை எழுது. அவருக்குக் கீழே ஆள் இருந்தால் அவருடைய இடத்தை மூடுவதற்குமுன் உள்ளே ஒரு பட்டியலைத் திற. கீழே உள்ள ஒவ்வொருவருக்கும் இதே வேலையைத் திரும்பச் செய். எல்லோரும் முடிந்ததும் பட்டியலை மூடு. யாரும் இல்லையென்றால் திரும்பிவிடு. ஃபங்ஷன் என்கிற அந்த நிரல் துண்டு தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டு எத்தனை படி இருந்தாலும் இறங்கும். மொத்தம் பதினோரு வரி. வரி குறைந்தால் மதிப்பும் குறையும் என்று நம்பும் முதலாளிக்கு அதுவே முதல் அவமானம்.

இரண்டாவது அவமானம் மருத்துவமனைக்காரர்கள் முன்னால் நடந்தது. பெரிய திரையில் பக்கத்தைத் திறந்தார்கள். காத்திருக்கச் சொல்லும் சக்கரம் திரையில் சுற்றியது. சுற்றிய வேகத்தில் மின்விசிறி இல்லாத அந்த அறைக்குக் காற்று வந்தது என்பார்கள். கடைசியில் சர்வர் நினைவகம் தீர்ந்து படுத்துவிட்டது.

வந்தவர்கள் போனதும் முதலாளி கத்தினார். கீழ்க்கடையில் பாதி பேட்டரி அந்தச் சத்தத்திலேயே சார்ஜ் இறங்கியிருக்கும். நாளை காலை பழைய மூன்று படி திரும்ப வராவிட்டால் தாளைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார்.

முரண்டு அட்டவணையைத் தோண்டினாள். இயக்குநரின் வரியில், மேலதிகாரி எண் என்ற இடத்தில், இயக்குநரின் எண்ணே இருந்தது. அவருக்குக் கீழே அவர், அந்த அவருக்குக் கீழேயும் அவர். நிரல் வெளியே வர வழியில்லை. மருத்துவமனைக் குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்த அம்மாள் அசரவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் ஏற்க மறுக்கிறதாம்.

“இயக்குநருக்கு மேல யாரைப் போடறது? நானா உக்கார முடியும்? அவர் நம்பரையே போட்டுட்டேன்.”

கீழே உள்ளவர்களைத் தேடும்போது தனக்கே மேலதிகாரியாக இருப்பவரைத் தாண்டிவிடு என்று ஒரு வரி சேர்த்தாள். பக்கம் கண் இமைப்பதற்குள் வந்தது, ஏழு படியோடு. பிறகு பழைய பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மூன்று படியிலும், படிக்கு ஒரு முறை, இயக்குநர் இருந்தார். மாதக்கணக்கில் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காகச் செய்ததாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

காலையில் முதலாளியிடம் பழைய பக்கம், புதிய பக்கம் இரண்டையும் காட்டினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்னதைச் செய் என்றார்.

“என் கையால மாத்த மாட்டேன் சார். தாளைக் கிழிக்கணும்னா கிழிச்சுக்குங்க.”

அவர் லூப் அண்ணன் பக்கம் திரும்பினார். லூப் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் முதல்முறை எதிர்த்துப் பேசியது அன்றுதான்.

“நான் எழுதுனதுதான். ஆனா இயக்குநர் மூணு தடவை வர்றதைப் பார்த்தப்புறம் எப்படி சார் திரும்பப் போடுறது? வெக்கமா இருக்கு.”

சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று முதலாளி முரண்டின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கடைசியாக நிரல் எழுதிய காலத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போது மீசை வைத்திருக்கிறார்கள். அவளுடைய நிரலையே மூன்று படிக்கு வெட்டப் பார்த்து ஒரு மணி நேரம் தட்டினார். திறந்த உள்பட்டியல்களில் ஒன்றைக்கூட மூடவில்லை. முதல் ஆள் இடது ஓரத்தில், அடுத்தவர் அவருக்குள், அதற்கடுத்தவர் அவருக்குள் என்று பக்கம் வலது பக்கமாகப் படிக்கட்டுபோல் சரிந்துகொண்டே போனது. எலும்புப் பிரிவுத் தலைவர் திரையை விட்டே வெளியேறி, அநேகமாகப் பக்கத்து மேஜையில் இருந்தார்.

முதலாளி கீபோர்டைத் தள்ளி வைத்தார்.

“வந்து சரி பண்ணு.”

“பண்றேன். ஏழு படியும் இருக்கும். சரின்னா எழுந்திருங்க சார், இது என் நாற்காலி.”

முதலாளி எழுந்து தன் அறைக்குள் போனார்.

அன்று மாலையே பக்கம் மருத்துவமனைக்குப் போயிற்று. தாளைக் கேட்டு முரண்டு உள்ளே போகவில்லை. அவரே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். ஏழாவது படியில் சலவை அறையின் எண் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து முடித்துவிட்டுத்தான் அவள் அதைக் கையில் எடுத்தாள்.