நீலத் தொப்பி ரொட்டி

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. பேய் என்றால் நடுச்சாமம்தான் என்று நினைப்பவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. டூர் வந்தவர்கள் ஒரு வேன் நிறையச் சுற்றி நிற்கும்போது நடந்தது.

என் பெயர் அசென்சியோ. சிம்பொராசோ எரிமலையின் அடிவாரத்தில் எங்கள் ஊர். மலையையும் எங்கள் ஊர்களையும் பார்க்க வருகிறவர்களைக் கோவேறு கழுதையில் ஏற்றி மேலே கூட்டிப் போவது என் பிழைப்பு. அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள் என் மனைவி மிக்கேலா.

மிக்கேலாவை முதலில் கட்டிக்கொள்ள இருந்தவன் நான் இல்லை. சில்வெரியோ என்று ஒருவன். மலை மேல் பனிக்கட்டி வெட்டி, மலைப்புல்லில் சுற்றி, கழுதையில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பனி வெட்டப் போனவன் திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம்தான் நான்.

உயிரோடு இருப்பவன் என்றால் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். செத்தவனை என்ன செய்வது? அவனுக்கு நரைக்காது. தொப்பை விழாது. குடித்துவிட்டு வந்து கத்த மாட்டான். எனக்கு வயிறு எரியும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் எரியும்.

எங்களுக்கு நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்கள் நாள். கல்லறைக்குச் சாப்பாடு கொண்டுபோய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவோம். துணியில் சுற்றிய குழந்தை மாதிரி ரொட்டி சுடுவோம். செத்தவர்களுக்கு ஆளுக்கொன்று, இருப்பவர்களுக்கும் ஆளுக்கொன்று. என் ரொட்டியின் தலையில் மிக்கேலா சர்க்கரைப் பாகால் ஒரு நீலத் தொப்பி வரைவாள். அது என் ரொட்டிக்கு மட்டும் போடும் அடையாளம். சில்வெரியோவுக்கும் ஒன்று சுடுவாள். அவனுக்குக் கல்லறை இல்லாததால் மலையைப் பார்த்த ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வருவாள். இருப்பதிலேயே பெரிய ரொட்டி அதுதான். நான் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் சொல்லிவிட்டேன்.

"இந்த வருஷம் அவனுக்கு வேண்டாம்."

மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "எவனுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத. மலைக்குப் போனவனுக்கு."

"செத்தவன் வாயில இருக்கிற ரொட்டியப் பிடுங்குறியே, ஒனக்கே நல்லாருக்காய்யா?"

"நல்லாத்தான் இருக்கு."

அவள் மாவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனுக்குச் சுடவே இல்லை. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று எனக்கு அதற்கும் எரிச்சல் வந்தது.

மறுநாள் கல்லறையில் நல்ல கூட்டம். தலைநகரிலிருந்து டூர்க்காரர்களைக் கூட்டி வந்த ஃபாபியோலா எல்லோருக்கும் ஊதாநிறச் சோளக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் கழுதைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். மேலேயிருந்து மூடுபனி இறங்கியது.

அப்போதுதான் அவனைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கம்பளிப் போர்வையான பொஞ்சோ, சிவப்பு நிறத்தில், போர்த்திய ஒருவன், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிக்கேலாவின் முன்னால் நின்றான். டூர்க்காரர்கள் சந்தையில் பொஞ்சோ வாங்கி மாட்டிக்கொண்டு திரிவது வழக்கம்தான். ஆனால் மிக்கேலா அவனை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அது யாருக்கு வைத்திருந்த சிரிப்பு?

கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

நீலத் தொப்பி.

என் ரொட்டி.

"ஃபாபியோலா, அந்த ஆள் ஒங்க கூட்டமா?" என்று கேட்டேன்.

"எந்த ஆளுண்ணே? எங்காளுங்க எல்லாம் இங்க கஞ்சி குடிக்கிறாங்களே."

திரும்பிப் பார்த்தேன். அவன் ரொட்டியோடு கடைசி வரிசைக் கல்லறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். விடுவேனா? பின்னாலேயே போனேன்.

போகப் போகத்தான் கவனித்தேன். மழை இல்லை. ஆனால் அவன் பொஞ்சோவிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

முதுகில் மலைப்புல் ஒட்டியிருந்தது. பனிக்கட்டி சுற்றும் புல்.

ரொட்டிக்கு அலையும் கல்லறை நாய்கள் அவன் பக்கம் போகவே இல்லை. வாலை இடுக்கிக்கொண்டு ஒதுங்கின.

அந்தக் குளிரில் என் வாயிலிருந்து புகை வந்தது. அவனிடமிருந்து வரவில்லை.

அவன் முட்டி போட்டான். ஜெபம் முணுமுணுத்தான். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அந்த நாளில் யாருக்காவது ரொட்டி கொடுத்தால், அந்த ரொட்டி யார் பெயரில் சுட்டதோ அவர் ஆத்மாவுக்காக வாங்கியவர் ஜெபிப்பார். செத்தவர் பெயரில் சுட்டதைத்தான் அப்படிக் கொடுப்பார்கள்.

இன்னும் கிட்டே போனேன். பெயர் கேட்டது.

"அசென்சியோவின் ஆத்மா... இளைப்பாறட்டும்..."

அங்கேயே நின்றுவிட்டேன்.

"அசென்சியோவின் ஆத்மா..."

"யாருடா நீ?" என்றேன்.

ஜெபம் நின்றது.

சொட்...

திரும்பினான்.

சில்வெரியோ. ஒரு நாள்கூட வயதாகவில்லை.

சிரித்தான்.

மூடுபனி மூடியது... விலகியது... அவன் இல்லை. அவன் முட்டி போட்ட காலி இடம் மட்டும் நனைந்திருந்தது.

சாயங்காலம் வேன் போன பிறகு மிக்கேலாவிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எம் பங்கு ரொட்டிய எவனுக்குக் குடுத்த?"

"எவனுக்குக் குடுப்பேன்? நீதான வந்து வாங்கின."

"நானா?"

"ஈரப் பொஞ்சோவோட வந்து கைய நீட்டின. ஒரு வார்த்தை பேசல. சிரிச்ச. வெளையாடுறியாய்யா?"

அவள் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷம் சந்தேகப்பட்டே வாழ்ந்தவன் நான், பொய் எனக்குத் தெரியும். நான் நனையவும் இல்லை, சிரிக்கவும் இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரியில் வெயில் கடுமையாக அடித்தது. மேலே பனி உருகி ஓர் உடம்பு வெளியே தெரிகிறது என்று மலையேறிகள் வந்து சொன்னார்கள். இறக்கிக் கொண்டுவர என் கழுதைகளைத்தான் கேட்டார்கள். போனேன். சில்வெரியோதான். பனிக்குள் அப்படியே இருந்தான். மற்றவர்கள் கயிறு எடுக்கப் போன நேரத்தில் பொஞ்சோவை விலக்கிப் பார்த்தேன்.

மார்போடு அணைத்திருந்த கையில் ஒரு ரொட்டி. கல்லாக உறைந்திருந்தது. கால் பக்கம் கடித்திருந்தது. தலையில் நீலத் தொப்பி.

பிடுங்கிப் பார்த்தேன். விரல்கள் விடவில்லை. பொஞ்சோவை இழுத்து மூடிவிட்டேன். அப்படியேதான் புதைத்தார்கள். எங்கள் கல்லறையில், கடைசி வரிசையில், அவன் முட்டி போட்ட இடத்தில். வேறு இடம் காலி இல்லையாம்.

நாளைக்கு மறுபடியும் இறந்தவர்கள் நாள். இந்த வருஷம் நானே வாய் விட்டுச் சொன்னேன், சில்வெரியோவுக்குப் பெரிதாகவே சுடு என்று. சுட்டாள். அதற்கப்புறம் என் ரொட்டியை எடுத்து நீலத் தொப்பி வரைந்தாள். என்னவோ முனகிப் பாடிக்கொண்டே வரைந்தாள். அவள் பாடி நான் கேட்டதில்லை.

"ஏய்யா," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "போன வருஷம் மாதிரியே வந்து வாங்கிக்கிறியா? கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அன்னைக்கு ஒரு நாள்தான் என்னைப் பாத்துச் சிரிச்ச."

சரி என்றேன். உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். எனக்கு அது வரவில்லை.