எங்கள் கொடியில் காயாத சட்டை

திருமுல்லைவாயிலில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் தண்ணீருக்குச் சண்டை வந்ததில்லை, வெயிலுக்குத்தான் வந்தது. போர்வெல்லில் தண்ணீர் தாராளமாக வரும். பக்கத்து மனைக்காரர் மாடிமேல் மாடி எடுத்துவிட்டதால் வெயில்தான் தாராளமாக வராது. சமையல் முடிகிற நேரத்துக்கு முற்றத்தில் இறங்கும். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் சுவரேறிப் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எல்லாக் குடித்தனமும் துணியைக் காயவைத்து எடுத்தாக வேண்டும். மொட்டைமாடி ஹவுஸ் ஓனருக்கு உரியது. அங்கே அவருடைய வடகமும் அவருடைய நாயும் மட்டுமே காயலாம்.

கொடியில் துணி போடுவதற்கு ஒரு முறை இருந்தது. கேட்டை ஒட்டிய முதல் கொடியில் ஆண்களின் கம்பெனிச் சட்டைகள். அதற்குப் பின்னால் புடவைகள். பாவாடையும் உள்ளாடையும் புடவைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல். தெருவில் போகிறவருக்கு எந்த வீட்டு ஆண் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே கிடையாது. அப்பா அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டினார். அவருடைய சாம்பல் நிறச் சட்டையின் பாக்கெட்டில் சிவப்பு நூலால் கம்பெனி பெயர் தைத்திருக்கும். அந்தப் பக்கம் தெருவைப் பார்த்திருக்கும்படிதான் அம்மா போடுவாள். என்னையும் அப்படியே போடப் பழக்கியிருந்தாள். அக்காவுக்குப் பூந்தமல்லி சம்பந்தம் அமைந்ததே அந்தச் சட்டையால்தான் என்பது அம்மாவின் கட்சி. “கம்பெனில பர்மனென்ட்டு” என்று தரகர் சொன்னபோது அவர் கை கொடிப் பக்கம் நீண்டதாம்.

அந்தச் சட்டையைத் துவைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஆயில் கறைக்கு முதலில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு சோப்புத்தூளில் ஊறப்போட்டு, கல்லில் வைத்து, பிரஷ் போட வேண்டும். காலர் தேய்ப்பது என் பங்கு. அலசுகிற தண்ணீர் தார் கரைத்ததுபோல் கறுப்பாக ஓடும். அம்மாவின் விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். ரசத்துக்குப் புளி கரைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள்.

நிச்சயதார்த்தம் முடிந்து, தையில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்த வருடம் அது. ஐப்பசி பிறந்திருக்கும். ஒருநாள் கவனித்தேன், அலசுகிற தண்ணீர் கறுப்பாக ஓடவில்லை. சோப்பு நுரை வெள்ளை வெளேரென்று சாக்கடைக்குப் போனது. அடுத்த முறையும் அப்படித்தான். காலரில் தேய்க்க ஒன்றுமே இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காரணத்தையும் நானே கண்டுபிடித்துவிட்டேன். அம்மா அப்போதுதான் வழக்கமான சோப்பை விட்டுவிட்டு, முனைக்கடையில் பேப்பர்கூடச் சுற்றாமல் அறுத்துக் கொடுக்கிற மஞ்சள் கட்டிச் சோப்புக்கு மாறியிருந்தாள். என் கணக்கில் எல்லாம் அந்தச் சோப்பின் மகிமை.

அப்பாவின் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டு மாதம் ஒன்று ஆகியிருந்தது என்பதும், போடாத சட்டையைத்தான் அம்மா நனைத்து நனைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள் என்பதும் பல வருடம் கழித்து அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணம் முடிகிறவரை விஷயம் வெளியே போகக் கூடாது. பூந்தமல்லிக்காரர்கள் காதில் விழுந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று அம்மாவுக்குப் பயம். சின்ன வாய் ஓட்டை வாய் என்று என்னிடம் சொல்லவில்லை. அவள் செய்தது சரிதான். ஆனால் சொல்லாமல் விட்டதும் ஒரு விதத்தில் வினையாகத்தான் முடிந்தது.

எதிர்வீட்டு அத்தையிடம் சோப்பின் பெருமையைச் சொன்னவள் நான்தான். அவள் உறவுக்காரி இல்லை, எதிர்க் குடித்தனம். அந்த வீட்டு மாமாவும் எஸ்டேட்டில் லேத் வேலைதான், வேறு கம்பெனி. அத்தையின் விரல்களும் அம்மாவின் விரல்கள் மாதிரியேதான் இருக்கும்.

“அத்த, மஞ்ச சோப்பு வாங்கு. கறையே இல்லாம போயிடுது.”

அத்தை வாங்கினாள். முதுகு ஒடியத் தேய்த்தாள். மாமாவின் சட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் எப்போதும்போல ஓடியது. இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, “இன்னாடி, என்கிட்ட கத உட்றியா?” என்று என் காதைத் திருகினாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மா துவைக்கும்போது அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அத்தை ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். அம்மா தலை நிமிரவே இல்லை.

“ஆமாமா, நல்ல சோப்புதான். எனக்குத்தான் தேய்க்கத் தெரியல” என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனாள். நான் ஜெயித்துவிட்டதாகக் குதித்தேன்.

அதே நாட்களில் எங்கள் வீட்டுக்குள் ஒரு நாற்றம் புகுந்திருந்தது. சமையற்கட்டு வாசலில் குறுக்கே ஒரு நைலான் கயிறு. அதில் தோளில் பட்டையும் கையில் பேட்ஜும் வைத்துத் தைத்த வெளிர்நீலச் சட்டை ஒன்று, மேலே ஒரு துண்டு போர்த்தி, எந்நேரமும் தொங்கியது. கேட்டால் “தெரிஞ்சவங்களுது, தொடாத” என்றாள் அம்மா. அந்த அடைமழைக் காலத்தில், ஃபேன் காற்றில் எந்தத் துணி காயும்? ஈரமும் பூஞ்சையும் சேர்ந்து ஒரு வாடை. அந்த வாடை அப்பா மேலும் அடித்தது.

நான் அப்பா பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள். ஒருநாள் பாயை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“இன்னாமா, அப்பா மேல கோவமா?”

“உம்மேல நாறுதுப்பா.”

அப்பா சிரித்தார். “நாளைலேர்ந்து பவுடர் போட்டுக்கிறேன், போதுமா?” நிஜமாகவே மறுநாள் கழுத்தெல்லாம் பவுடரோடு வேலைக்குக் கிளம்பினார். லேத் வேலைக்குப் பவுடரா என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோன் வாசலில், சாப்பாட்டுப் பையில் ஒளித்துக் கொண்டுபோன காயாத சட்டையைப் போட்டுக்கொண்டு, வருகிற லாரிக்கெல்லாம் கேட் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார் என் அப்பா. இன்று அதை நினைத்தால், அந்தப் பாயை இழுத்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கார்த்திகையில், பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு மத்தியானம் சம்பந்தியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைக்க அக்காவின் அளவு ஜாக்கெட் வேண்டுமாம். கேட்டுக்குள் நுழையவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. எங்கள் காம்பவுண்டில் மழை வந்தால் தன் துணி பிறர் துணி கிடையாது. யார் முற்றத்தில் இருக்கிறார்களோ அவர்கள் கைக்குக் கிடைத்ததை வாரிக்கொண்டு வீடு வீடாகப் போடுவார்கள். அம்மாவும் அத்தையும் வாரிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா நனைந்த தலையோடு எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தவர், துடைத்துக்கொள்ளக் கயிற்றில் கிடந்த துண்டை உரிமையோடு இழுத்தார்.

நீலச் சட்டை பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கியது.

“இது யாரோட சட்ட? செக்யூரிட்டி சட்டையாட்டம் கீது?”

வாசலில் அம்மா துணி மூட்டையோடு நின்றுவிட்டாள். நான் “தெரிஞ்சவங்க” என்று வாயெடுப்பதற்குள், பின்னாலேயே வந்த எதிர்வீட்டு அத்தை எங்கள் துணிகளைப் பாயில் போட்டுவிட்டு நேராகப் போய் அந்தச் சட்டையைக் கயிற்றிலிருந்து உருவினாள்.

“எங்க ஊட்டுக்காரருதுமா. லேத் வேல போயிடுச்சு, இப்ப வாட்ச்மேனா போய்க்கினு கீறாரு. வெளிய போட்டா நாலு பேரு பாப்பாங்கன்னு வெக்கம். அதான் இந்த அக்கா ஊட்ல காயப்போட்டுகினு இருந்தேன்.”

“இதுல இன்னாமா வெக்கம்? திருடவா போறாரு?” என்றார் சம்பந்தியம்மா பெருந்தன்மையாக. அத்தை சட்டையோடு போனதும் குரலைத் தாழ்த்தி அம்மாவிடம், “நல்ல வேள, அவங்களுக்குப் பொண்ணு இல்ல” என்றார். அம்மா காபி கலக்க உள்ளே போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. முதல் கொடியில், எதிர்வீட்டுக்கு உரிய இடத்தில், நீலச் சட்டை பகிரங்கமாக வெயிலில் ஆடியது. அதற்குப் பிறகு தினமும் ஆடியது. அப்பாவிடம் இரண்டு சட்டை. ஒன்று உடம்பில் இருந்தால் ஒன்று அத்தையின் கொடியில். அது இரவில் எப்படி எங்கள் வீட்டுக்குத் திரும்பியது என்று அப்போது எனக்குத் தெரியாது. நாங்கள் தூங்கின பிறகு ஜன்னல் கம்பியில் மடித்து வைத்துவிட்டுப் போவாளாம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்வீட்டு மாமா வாட்ச்மேனாகிவிட்டார் என்பதுதான். காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் நானே சொன்னேன். லேத்தில் நின்று கால் வீங்கி வீட்டுக்கு வருகிற மனிதருக்கு நாங்கள் கேட்டில் வரிசையாக நின்று சல்யூட் அடிப்போம். அவர் ஒருநாள்கூட மறுத்துப் பேசவில்லை. சில நாள் பதிலுக்கு ஒரு சல்யூட் வைப்பார். மனைவி சொன்ன பொய்யை அந்த மனிதர் எவ்வளவு சுமந்தார் என்று இப்போது யோசிக்கிறேன். அப்பா மேல் நாற்றம் போய்விட்டது. பவுடர் வேலை செய்கிறது என்று நினைத்து, பாயைத் திரும்ப அவர் பக்கம் போட்டுக்கொண்டேன்.

தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அத்தைக்கு அம்மா பத்திரிகை வைத்த விதம் எனக்கே பிடிக்கவில்லை, வாசலில் நின்றபடியே நீட்டிவிட்டு வந்தாள். அதற்கு முன்பே பேச்சு குறைந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. சண்டையா என்றால் சண்டை இல்லை. நம் மானம் போகிற நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது கஷ்டம் போலிருக்கிறது. அம்மா துவைக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டாள். சித்திரையில் வெள்ளானூரில் வாடகை குறைவாக ஒரு வீடு பார்த்து, காலி செய்துவிட்டோம்.

சாமான் ஏற்றிய டெம்போவில் அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா பின்னால், முகத்தைத் திருப்பிக்கொண்டு. வழியனுப்பக் காம்பவுண்டே கேட்டில் நின்றது. அத்தை அவசரமாக வந்து மடித்த துணி ஒன்றை என் கையில் வைத்தாள்.

“இத்த அப்பாகிட்ட குடு கண்ணு.”

பிரித்துப் பார்த்தேன். நீலச் சட்டை.

“ஐயே, இது மாமாவோட வாட்ச்மேன் சட்ட அத்த! எங்க சாமானோட கலந்துடப் போவுது” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அதோடு விட்டேனா? முதல் கொடிக்கு ஓடி, அம்மா பழக்கியபடி, பேட்ஜ் தெருவைப் பார்த்திருக்கும்படி அதை ஒழுங்காக விரித்துப் போட்டுவிட்டு வந்தேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கன்னத்தைத் தட்டினாள்.

“ஆமாமா, எங்களுதுதான். நீ சமத்து.”

மறுநாள் நான் கண்விழிக்கும்போது அப்பா வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்பே எங்கேயோ போய் வந்திருந்தார். முதுகு வியர்த்திருந்தது. ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை உப்பித் தொங்கியது.

“எங்கப்பா போன?”

“ஒரு சாமான மறந்து வெச்சிட்டு வந்துட்டோம்மா.”

“நான்தான எல்லாத்தையும் பாத்து பாத்து ஏத்தினேன்?”

“ஆமா, நீதான் பாத்துகினே” என்று சொல்லி அப்பா என் தலையில் கை வைத்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பையில் முகத்தைப் புதைத்தேன். வெயிலில் காய்ந்த துணியின் வாசனை வந்தது. அந்தப் புது வீட்டில் நாங்கள் இன்னும் கொடியே கட்டியிருக்கவில்லை. அது எங்கிருந்து வந்த வெயில் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.