வளைவில் நிற்கிற லாரி

எங்கள் லேப்டாப்பின் அடியில், ஒரு திருகாணியின் மேல், பொட்டு அளவுக்கு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது கிழிந்தால் வாரண்டி போய்விடும் என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்தார். துடைக்க எடுக்கும்போதெல்லாம் முதலில் கவிழ்த்து அதைத்தான் பார்ப்பேன். அந்த ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொல்லித்தான் என் வீட்டுக்காரர் மூன்று நாளாக என்னோடு மல்லுக்கு நின்றார்.

அவர் லாரி டிரைவர். திருமங்கலம் தாண்டி ஒரு வளைவில், எதிரே இவர் பக்கம் ஏறி வந்த வேனுக்கு ஒதுங்கப் போய், வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. வேனில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல் கிடையாது. இவருக்கு வலது கால் முறிந்தது. பழங்காநத்தத்தில் எங்கள் ஒற்றை அறையில் மாவுக்கட்டோடு கிடந்தார். லாரி ஓனர் அவர் இடத்தில் வேறு ஆளைப் போடாமல் வைத்திருந்தார். “கட்டுப் பிரிச்ச அன்னைக்கே ஏறிருவேன்” என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இவர் சொல்லுவார். பிரிக்க இன்னும் ஒரு வாரம்தான். ஏறுவாரா? ஏறினாலும் பயம், ஏறாவிட்டாலும் பயம். எனக்கு வேறு நினைப்பே இல்லை. விபத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. மதியம் கண் அசந்தால் மட்டும் நல்ல கால் கட்டிலை உதைக்கும்.

பொழுது போகட்டும் என்று கூட ஓட்டுகிற நண்பர் ஒருவர் லாரி ஓட்டுகிற கேம் சி.டி. ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். நேர்ரோட்டில் ஓடும். வளைவு வந்தால் படம் திக்கும், லாரி தடுப்பில் போய் முட்டி நிற்கும்.

“டீசல்ல தண்ணி கலந்த மாதிரி இழுக்குது பாரு. ரேம் பத்தலையாம். இன்னொன்னு வாங்கிச் சொருகுனா பறக்கும்னு சி.டி. குடுத்த மாப்ள சொன்னான்.”

“இதுலதாங்க நான் பத்திரிகை அடிக்கிறேன். பிரிச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“எம்புட்டு இஞ்சினைப் பிரிச்சு மாட்டிருக்கோம். இது கெடக்கு, டிபன் பாக்ஸ் கணக்கா.”

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டைப் படித்து, கம்ப்யூட்டரில் விசேஷ வீட்டுப் பத்திரிகை அடிக்கக் கற்று, அவர் படுத்த பிறகு அதில்தான் வீடு ஓடியது. அந்த வாரம் கையில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை. தாய்மாமன்மார், சித்தப்பாமார், பங்காளிகள் என்று தொண்ணூறு பெயருக்கு மேல். யாருக்குப் பின்னால் யார் என்று அந்த வீட்டார் நான்கு தரம் வந்து மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு பெயர் கீழே இறங்கினால் பந்தலிலேயே வெட்டுக்குத்துதான். அதைப் பென் டிரைவில் ஏற்றினேன். எழுத்து மாறிவிடுமோ என்று ஃபான்ட்டையும் ஏற்றினேன். அப்புறம் ஒரு சி.டி.யிலும் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் ரிப்பேர் கடைக்குக் கிளம்ப ஒத்துக்கொண்டேன்.

ரிப்பேர் கடை மாடியில். பதினாறு படி. அவர் கைப்பிடியைப் பிடித்து ஒற்றைக் காலில் ஏற, லேப்டாப்பை மாரோடு அணைத்துக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். அவர் விழுவாரா, இது விழுமா?

கடைக்காரர் கவிழ்த்துப் பார்த்தார். “ஒண்ணு சொல்லிர்றேன்க்கா. ரேம் போடலாம். படம் காட்டுற சிப்பு போர்டோட சேந்தது, அதை மாத்த முடியாது. பெரிய கேமெல்லாம் இதுல நடக்காது. இந்த லாரிக்குப் போதுமான்னு போட்டுத்தான் பாக்கணும். பிடிக்கலைன்னா கழட்டிர்றேன்.”

“ஸ்டிக்கரு?”

“கிழிஞ்சா கிழிஞ்சதுதான்க்கா.”

வாரண்டி இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். ரயில்வே கேட் எப்போது தூக்குவான் என்று காத்திருக்கிற முகம்.

“கிழிங்க” என்றேன்.

கடைக்காரர் புது ரேமைச் சொருகி சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டார். அப்போதும் கறுப்பு. அவர் சாவகாசமாக ஒரு அழிரப்பரை எடுத்து, ரேமின் விளிம்பைத் தேய்த்து, ஊதி, மறுபடி அழுத்தினார். திரை வந்தது. நான் முதலில் பத்திரிகையைத் திறந்தேன். தாய்மாமன்மார் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

அப்புறம் லாரி. மாவுக்கட்டுக் காலைத் தரையில் நீட்டி, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஓட்டினார்.

“வழுக்கிட்டுல போகுதுண்ணே!” என்றார் கடைக்காரர்.

வளைவு வந்தது. படம் திக்கவில்லை. மரம், மைல்கல், எதிரே ஒரு வண்டி எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடி வந்தன. லாரி நேரே போய்த் தடுப்பில் முட்டியது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதே இடம்.

“ரேம் சரியா உக்காரலையோ, தம்பி?”

கடைக்காரர் குனிந்து இரண்டு விரலால் பட்டனைத் தட்டி, அதே வளைவில் லாரியைத் திருப்பிக் காட்டினார். “சரியாத்தான்ணே இருக்கு.”

மூன்றாவது தரம் நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தேன். எதிர்வண்டி தெரிந்ததும் விரல்கள் பட்டனை விட்டு மேலே எழும்பி நின்றன. கீழே, கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரல்கள், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தின. வீட்டில் இத்தனை நாளும் நான் திரையைத்தான் பார்த்திருக்கிறேன்.

“கழட்டிருங்க தம்பி” என்றார், என் பக்கம் திரும்பாமலே. “வேணாம். வீண் செலவு.”

“கழட்ட வேணாம். இருக்கட்டும்” என்றேன்.

“ஏ, பெரிய கேம் எதுவும் ஓடாதுன்னு அவரே சொல்லிட்டாருல்ல?”

“வளைவு ஓடுதுல்ல.”

மறுநாள் பத்திரிகையை அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்து, லேப்டாப்பை அவர் மடியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தரம் எதிர்வண்டி எதுவும் இல்லை; அப்படியும் வளைவு வந்ததும் கை எழும்பியது.

“எதுக்க யாரும் வரலைங்க. ரோடு காலியாத்தான் கெடக்கு.”

“வருது” என்றார். “வேன்ல முன்னாடி ஒரு பொம்பள உக்காந்திருந்துச்சு. என்னையவே பாத்துச்சு.”

கேமை முதலில் இருந்து போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அந்த வளைவு வரைக்கும் பதினோரு தரம் போனோம். ஒரு தரம்கூடத் தாண்டவில்லை.

கட்டுப் பிரித்த அன்று ஓனர் போன் செய்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இல்லண்ணே, இன்னைக்கு வரல. இன்னும் பத்து நாள் குடுங்க. வாரேன்.”