பாசியை வீடு மாற்றிய கதை

ஒரு மரத்துப் பாசியைப் பெயர்த்து இன்னொரு மரத்தில் ஒட்டுவதுதான் என் உத்தியோகம். "என்ன வேலை பாக்குற?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கும் என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கைப்பிடி

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ரோட்டை அகலப்படுத்த, ஓரத்துப் புளியமரங்களுக்கெல்லாம் வெட்டு நம்பர் போட்டுவிட்டார்கள். அந்த மரங்களில் ஒருவகைப் பாசி உண்டு; பூஞ்சாணமும் பாசியும் ஒட்டிப் பிறந்ததுபோல் சேர்ந்து வாழும் 'லைக்கன்' இனம். நாங்கள் தேடியவரை இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கிடையாது. நகக்கண் அளவு வளரவே வருஷக்கணக்காகும். மரம் சாய்ந்தால் அதன் கதையும் முடிந்தது.

அதனால் பட்டையோடு சீவி எடுத்து, ஆற்றங்கரை இலுப்பை மரங்களில் பசை போட்டு ஒட்டினேன். ஏணியில் நான் தொங்குவதை டீக்கடைக்காரர் மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் பொறுக்கவில்லை. "மேடம், பிரியாணிக்குப் போடுற கல்பாசிதானே இது? ஒரு கைப்பிடி குடுங்க, ஞாயித்துக்கிழமை குருமாவுக்கு ஆகும்."

இலவச வைத்தியம்

புளியமரங்கள் போய்ச் சேர்ந்தன. இனி இலுப்பையில் ஒட்டியதுதான் கதி. ஒருநாள் காலையில் போனால், பாதிக்கு மேல் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. பக்கத்து வயல்காரர் முதுகில் ஸ்ப்ரேயரோடு, வாயெல்லாம் பல்லாக வரப்பில் வந்தார். அடித்தது நெல்லின் குலைநோய்க்கான பூஞ்சாண மருந்து. பாசியின் உடம்பே முக்கால்வாசி பூஞ்சாணம்தான், ஐயா!

"ஏம்மா, மரமெல்லாம் நோய் புடிச்சுக் கெடந்துச்சு. வயலுக்கு அடிச்சது போக டேங்குல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சா, நானே அடிச்சு விட்டுட்டேன். நன்றியெல்லாம் சொல்லாதீங்க."

அதிகாரி வருகை

தப்பிய பாசியைப் பார்வையிட ஓர் அதிகாரி வருவதாகத் தகவல். பெரிய மனுஷர் வந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? மரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அடித்துவிட்டார்கள், நடுவில் காவிப் பட்டை வேறு. வந்தவர், "பரவாயில்லையே, மரத்தையெல்லாம் சுத்தமா வச்சிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நான் அழுதேவிட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடைசி மரத்தைச் சுற்றிப் போனால், ஆற்றைப் பார்த்த பக்கம் சுண்ணாம்பே படவில்லை. மூன்று துண்டுப் பாசி உயிரோடு இருக்கிறது! ஓரத்தில் புதிதாகத் துளிர்த்தும் இருந்தது. சுண்ணாம்பு அடித்தவரைத் தேடிப் பிடித்து, "இங்க ஏன் அடிக்கல?" என்றேன். மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க மேடம், அந்தப் பக்கம் யாரு வந்து பாக்கப் போறான்னு விட்டுட்டேன்."

அழியப்போகிற ஓர் உயிர், இத்தனை பேர் காட்டிய அக்கறைக்கெல்லாம் தப்பி, ஒருவர் சோம்பல்பட்ட புண்ணியத்தில் பிழைத்துக் கிடக்கிறது.